ஆறரை மணிப் பசி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 47. எங்கள் ஊரில் கட்டிங் என்றால் இரண்டு அர்த்தம்: ஒன்று துணி வெட்டுவது, இன்னொன்று குவார்ட்டரில் பாதி, அதாவது 90 மில்லி. பதினாறு வருடமாக இரண்டிலும் நான் கெட்டிக்காரன். தினமும் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஆஃப். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் நேரம் கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர, குடிக்காத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குடியை விட்ட கதை சொல்லிப் பெருமை அடிக்க வரவில்லை, முழுசாக விடவும் இல்லை. என் குடிக்கும் என் வயிற்றுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது என்பதை ஒரு சர்க்கரை மாத்திரை தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023 ஆடி மாதம். சர்க்கரைக்கு ஏற்கெனவே மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனாலும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.2. எடை 94 கிலோ. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு செமாகுளுடைட் என்று ஒரு புது மாத்திரை சேர்த்தார். எழுதும்போதே, தலையைத் தூக்காமல், "குடிப் பழக்கம் உண்டுங்களா?" என்றார். "எப்பவாச்சும் சார், விசேஷம்னா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, மேலே ஃபேனைப் பார்த்தாள். அந்தப் பொய்க்குப் பின்னால் என்ன விலை கொடுத்தேன் என்று சொல்கிறேன்.

இந்த மாத்திரைக்கு ஒரு சடங்கு உண்டு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீர் 120 மில்லிக்கு மேல் போகாமல் விழுங்க வேண்டும், அப்புறம் அரை மணி நேரம் காபி, தண்ணீர், வேறு மாத்திரை எதுவும் கூடாது. அதிகத் தண்ணீர் போனால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. அளந்து குடிப்பது எனக்குப் புதிதா என்ன, பழைய குவார்ட்டர் பாட்டிலிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு நூல் கட்டி வைத்துக்கொண்டேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை.

முதல் மாதம் 3 மில்லிகிராம். கொஞ்சம் ஏப்பம், கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். இரண்டாவது மாதம் 7 ஆக்கினதும் சாப்பாடு பாதியில் நின்றது. அரிசியும்பருப்பும் சாதம் என்றால் மூன்று தட்டு சாப்பிடுகிறவன், ஒன்றரை தட்டில் எழுந்தேன். எழுந்தபிறகும் அடுப்படிப் பக்கம் மனசு போகவில்லை, அதுதான் ஆச்சரியம். அதுவரை சாப்பிட்டு முடித்த கையோடு அடுத்து என்ன என்று உள்ளே ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தை யாரோ குறைத்துவைத்த மாதிரி.

அந்த மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கமான பார், வழக்கமான மேஜை, எதிரே இருபது வருடப் பழக்கமான செக்கிங் செக்‌ஷன் பங்காளி. முதல் ரவுண்டு உள்ளே போனது. இரண்டாவதை ஊற்றித் தண்ணீர் கலந்து வைத்தேன், பேச்சு ஷிப்மென்ட் பற்றிப் போனது, எவனோ துணியில் ஜிஎஸ்எம், அதாவது கனம், குறைத்து ஏமாற்றினான் என்று ஒரு கதை, அது முடிந்து கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் பார்க்கிறேன், டம்ளர் அப்படியே இருக்கிறது. குடிக்கக்கூடாது என்று வைராக்கியமாக நான் அதை விடவில்லை. மறந்திருந்தேன். குடிக்கிறவனுக்குத்தான் தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஊற்றின சரக்கை எவனாவது மறப்பானா? பங்காளி என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, அதை எடுத்து அவனே முடித்தான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல விளம்பரமாக இருக்கும். அடுத்த வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் பசியே இல்லை, இரண்டு இட்லியோடு சரி. சாயங்காலம் குவார்ட்டர் மட்டும், சைட் டிஷ் கூட இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ராத்திரி கிளிமிபிரைடை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு படுத்தேன். பதினோரு மணி வாக்கில் பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை, கை நடுங்குகிறது, வார்த்தை குளறுகிறது. மனைவி முதலில் போதை என்றுதான் நினைத்தாள். என்னவோ தோன்றி விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள்: 52. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தி, அப்புறம் ஒரு தோசை வார்த்து அதையும் ஊட்டி, விடிய விடிய பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன், மனைவி கூட இருக்கும்போதே. அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. விளக்கமாகச் சொன்னார். சாப்பிடாதபோது கல்லீரல்தான் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு அனுப்பும். சாராயம் உள்ளே போனால் அந்த வேலை தடைபடும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். புது மாத்திரையால் சாப்பாடும் குறைந்துவிட்டது. மூன்றும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். "எப்பவாச்சும்னு சொன்னீங்களே, தினமும்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கிளிமிபிரைடைக் குறைச்சிருப்பேன்" என்றார். கணைய வீக்கம் வந்த ஆளாக இருந்தால் செமாகுளுடைட் பக்கமே போயிருக்க மாட்டேன், குடியால் கணையம் கெடுகிறவர்கள் நிறைய என்றும் சொன்னார். கல்லீரல் டெஸ்ட், கணைய டெஸ்ட் எல்லாம் எடுத்து, கிளிமிபிரைடைப் பாதியாக்கினார். இன்னொன்றும் சொன்னார்: காலையிலேயே கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், அவர்கள் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். நான் அந்த நிலையில் இல்லை. இருந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆக முதல் பாடம் இது. டாக்டரிடம் குடியை மறைக்காதீர்கள். பொண்டாட்டி முன்னால் சொல்ல வெட்கம் என்றால் அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த மறந்துபோன டம்ளர் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சர்க்கரை மாத்திரைக்கும் சரக்குக்கும் என்ன சம்பந்தம்? பெண் பி.ஃபார்ம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தேன். அவளுக்கும் அப்பா குடியைப் பற்றி முதல்முறையாக நேராகப் பேசுகிறாரே என்று இருந்திருக்கும், சலிக்காமல் படித்துச் சொன்னாள்.

நாம் சாப்பிட்டதும் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் இருக்கும் செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை விடுகின்றன. போதும் என்று மூளைக்குச் சொல்கிற ஆள் அது. இயற்கையாகச் சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும், அதனால் அப்படியே மருந்தாக்க முடியாது. அமெரிக்காவில் ஜான் எங் என்ற டாக்டர், கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் இதே மாதிரி வேலை செய்கிற, ஆனால் சீக்கிரம் அழியாத ஒன்றை 1992-இல் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸெனடைட் 2005-இல் அங்கே சர்க்கரை ஊசியாக அனுமதி வாங்கியது. என் மாத்திரை அந்த வம்சத்தில் பின்னால் வந்தது. "பல்லி எச்சிலாப்பா சாப்பிடறீங்க" என்று சின்னவன் இன்றைக்கும் கிண்டல் செய்கிறான். இல்லடா, இது ஆய்வுக்கூடத்தில் செய்வது என்று சொன்னாலும் கேட்பதில்லை.

இந்த ஜி.எல்.பி-1-க்கு எதிராளி கிரெலின் என்ற பசி ஹார்மோன். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும், 1999-இல். இரைப்பையிலிருந்து வருகிறது, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பசி எடுக்கவைப்பதோடு இதன் வேலை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. மூளையின் நடுவில் டோபமைன் செல்கள் இருக்கின்றன, ஒன்று பிடித்துப்போனால் 'இது வேணும், இன்னொரு தடவை வேணும்' என்று நம்மைத் தள்ளுவது அவைதான். சோறானாலும் சரி, சிகரெட், சாராயம் எதுவானாலும் சரி, இதே பாதைதான். கிரெலின் நேராக அந்தச் செல்களைப் போய்த் தட்டுகிறது. ஜி.எல்.பி-1 அவற்றை அடக்குகிறது. ஸ்வீடனில் எலிசபெத் யெர்ல்ஹாக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கிரெலின் கொடுத்த எலிகள் அதிகமாகக் குடித்தன, அதைத் தடுத்தபோது குறைவாகக் குடித்தன. மனிதர்களிலும் பார்த்தார்கள். 2014-இல் அமெரிக்காவில் லொரென்சோ லெஜியோ குழு, அதிகம் குடிக்கிறவர்களுக்கு நரம்பு வழியாக கிரெலின் ஏற்றியபோது சாராய ஆசை கூடியது.

இதைப் பெண் படித்துச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நான் சாயங்காலம் ஆறரைக்குக் கடைக்குப் போறது பசியிலயா?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி இருக்கலாம்பா" என்றாள்.

அந்தப் பாதியை நான் நம்பினேன். மீதிப் பாதிக்கும் மரியாதை கொடுக்க வேண்டும், ஏனென்றால் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, ஒரு ஊசி போட்டால் குடி போச்சு என்று. அப்படி இல்லை. டென்மார்க்கில் 127 குடிநோயாளிகளை வைத்து 26 வாரம் எக்ஸெனடைட் ஊசி போட்டுப் பார்த்தார்கள், 2022-இல் முடிவு வந்தது. மருந்து போட்டவர்களும் குறைத்தார்கள், வெறும் ஊசி போட்டவர்களும் குறைத்தார்கள், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 30-க்கு மேல் இருந்த பருமனானவர்களிடம் மட்டும் அதிகம் குடிக்கும் நாட்கள் குறைந்திருந்தன. என்னுடையது அப்போது 31-க்கு மேல், கணக்கில் நான் வருகிறேன். 2025-இல் அமெரிக்காவில் 48 பேருக்கு 9 வாரம் செமாகுளுடைட் ஊசி போட்டுப் பார்த்ததில் குடிக்கிற நாட்கள் குறையவில்லை, குடிக்கிற நாளில் குடிக்கிற அளவு குறைந்தது, ஆசையும் குறைந்தது. கடைக்குப் போனேன், டம்ளரைத்தான் மறந்தேன், அதே கதை. சின்ன ஆய்வுகள்தான், இதை நம்பி யாரும் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது.

ஏழு மாதம் சாப்பிட்டேன். எடை 87-க்கு வந்தது, சராசரி 7.1. குவார்ட்டர் தினமும் என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று கட்டிங் என்று சுருங்கியது. ஆனால் மாத்திரைக்கு மாதம் பத்தாயிரத்தை ஒட்டி ஆகிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற நேரம் வந்ததும் டாக்டரிடம் கேட்டு நிறுத்தினேன், விலை குறைந்த வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். குடிக்கு மிச்சமான காசு எங்கே போச்சு என்று கேட்காதீர்கள், குடும்பக்காரனுக்கு மிச்சம் என்று ஒன்று கிடையாது.

நான்காவது வாரம் அது திரும்பி வந்தது. முதலில் சோறு மூன்று தட்டானது. அப்புறம் சாயங்கால முணுமுணுப்பு. அப்போதுதான், மருந்து இல்லாமல் இதில் எவ்வளவு பிடித்து நிறுத்த முடியும் என்று பார்க்கலாமே என்று ஒரு பழைய லே அட்டை நோட்டை (வெட்டுவதற்குத் துணி அடுக்கி விரிப்பதுதான் லே) எடுத்தேன். மத்தியானம் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், சாயங்காலம் கடை ஞாபகம் எத்தனை மணிக்கு வந்தது, பத்துக்கு எவ்வளவு பலமாக. இரண்டு மாதம் எழுதினேன்.

கட்டிங் டேபிளில் லே விரித்த மாதிரி தெரிந்தது. மத்தியானம் 1 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி டீயோடு ஓட்டின நாட்களில் ஆறே காலிலிருந்து ஏழுக்குள் எட்டு, ஒன்பது பலத்தில் இழுப்பு வந்தது. ஷிப்மென்டுக்காக ராத்திரி கண்விழித்த மறுநாள் இன்னும் மோசம். இது எனக்கு மட்டும் இல்லை. சிகாகோவில் 2004-இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது, பத்து மணி நேரம் தூங்க விட்டதோடு ஒப்பிட்டால், கிரெலின் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. ஐந்தரைக்கே வயிறு நிறைந்த நாட்களில் இழுப்பு மூன்று, நாலு. பூஜ்யம் என்று ஒரு நாளும் எழுதவில்லை.

அதனால் செய்வது இதுதான், பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிடுவேன். டீ, பன், போண்டா எல்லாம் சாப்பாட்டில் சேராது. இரண்டு அவித்த முட்டை, இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் பச்சைப்பயறோ கொள்ளோ வேகவைத்தது, கம்பெனி வாசலில் ஒரு ஆத்தா கொண்டுவரும் வேகவைத்த நிலக்கடலை ஒரு படி. புரதம் உள்ளே போனால் கிரெலின் நன்றாக இறங்கும், சீக்கிரம் ஏறாது. வாயில் மெல்ல வேண்டும், அதுவும் உதவுகிறது, அது ஹார்மோனா வெறும் பழக்கமா என்று நான் ஆராயவில்லை. அதையும் மீறி இழுப்பு வந்தால் மணியைப் பார்ப்பேன். அலை மாதிரி ஏறி இறங்குகிறது, எனக்கு இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் ஸ்டாக் எண்ணுவேன், வீட்டுக்கு வேறு ரோட்டில் போவேன். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு நாலையும் கவனி என்பார்கள். அதில் பசியை முதலில் வைத்தவர்கள் கிரெலின் கண்டுபிடிக்கும் முன்பே வைத்துவிட்டார்கள்.

அதே கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்ன இன்னொன்று எனக்கு ஆகவில்லை. ஆசை வந்தால் ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கோ கண்ணு என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், பலருக்கு வேலை செய்கிறதாம். நான் மூன்று வாரம் பையில் மைசூர்பாகு வைத்திருந்தேன். சரக்கு குறைந்தது, சாப்பிட்டபின் சர்க்கரை 280. பாதை ஒன்றுதான், ஆளை மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். சர்க்கரைக்காரர்கள் இந்த யோசனையைக் கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

வயிறைத் தொட்டால் குடியும் அசையும் என்பதற்கு எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. எங்கள் சொந்தத்தில் ஒருவர் எடைக்காக இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டார். எடை நன்றாக இறங்கியது, ஆனால் முன்பெல்லாம் இரண்டு பீரில் சிரித்துக்கொண்டிருப்பவர் இப்போது ஒரே பீரில் தடுமாறுகிறார், அடிக்கடியும் போகிறார். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு சாராயம் வேகமாக ரத்தத்தில் ஏறும். 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களில் குடிப் பிரச்சினை முன்பு 7.6 சதவீதமாக இருந்தது, இரண்டாம் வருடம் 9.6 ஆனது. செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. குடிக்கிற ஆள் என்றால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அதைப் பேசிவிட வேண்டும்.

டாக்டர் போன தடவை, வேண்டுமானால் அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். பெண்ணின் கடைசி வருடக் கட்டணம் முடியட்டும் சார் என்றிருக்கிறேன். பங்காளி இன்னும் அதே மேஜையில்தான் உட்காருகிறான். நோட்டைப் பற்றிச் சொன்னபோது, "எழுதி எழுதிக் குடிக்கறியா?" என்று சிரித்தான். ஆனால் சமீபத்தில் ஒருநாள் ஐந்தரைக்குக் கம்பெனி வாசலில் கடலை வாங்கிக்கொண்டு நின்றான், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன மாதம் நான் குடித்தது இரண்டு நாள். நோட்டில் பார்த்தேன். இரண்டு நாளும் ஐந்தரைக் கட்டத்தில் 'டீ மட்டும்' என்று எழுதியிருக்கிறது.